சிவப்புத் தொட்டி காலியாக இருக்க வேண்டும்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சி அறையில் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். காபியோடு விசாரணையின் முடிவையும் கொடுத்தார்கள். "சும்மா ஒரு டிராஃப்ட்தான் மேடம், உங்க வசதிக்காக" என்றார் மனிதவள அதிகாரி. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது என்று கடைசிப் பத்தியில் இருந்தது. விசாரணை இன்னும் தொடங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட பெண் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

டிராஃப்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேர்மையால் மட்டும் அல்ல. நிலையாணையின் பிரிவை இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த தொழில் இது. பணியில் இருந்த காலம் முழுவதும் பணியாளர் துறை. நடுவில் அதற்கு மனிதவளத் துறை என்று பெயர் மாற்றினார்கள். மனிதருக்கும் ஒன்றும் மாறவில்லை, வளத்துக்கும் மாறவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி மீது குற்றச்சாட்டு வந்தால், வெளியாள் ஒருவர் விசாரித்தார் என்று காட்ட வேண்டியிருக்கிறது. நடைமுறை தெரிந்த ஆளாக இருந்தால் பிற்பாடு தொழிலாளர் நீதிமன்றத்தில் பிசிறடிக்காது. எனக்கு நடைமுறை தெரியும். குற்றச்சாட்டை எப்படி வாசிக்க வேண்டும், சாட்சியை யார் முதலில் கேட்க வேண்டும், எந்தப் பக்கத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்திலும் சொல்வேன். விசாரணை அதிகாரி நடந்தது என்ன என்று மட்டும் கண்டறியலாம். தண்டனை சொல்லக் கூடாது. நிர்வாகத்துக்கு யோசனை சொல்லக் கூடாது.

வழக்கு இதுதான். அந்தத் தொழிற்சாலையில் கார்களுக்கு பிரேக் ஹோஸ் செய்கிறார்கள். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய். ஒவ்வொன்றையும் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். கசிந்தால் சிவப்புத் தொட்டி. கசியவில்லை, ஆனால் லேபிள் கோணலாக இருக்கிறது, மேலே அழுக்கு இருக்கிறது என்றால் மஞ்சள் தொட்டி. மஞ்சளில் இருப்பதை அடுத்த ஷிப்டில் துடைத்து, லேபிளைச் சரியாக ஒட்டி, பெட்டியில் அடுக்கிவிடுவார்கள், மறுபடி சோதிப்பதில்லை. சிவப்பில் விழுந்தது பூட்டிய கழிவு அறைக்கு மட்டுமே போகலாம். ஒருநாள் ஓர் உற்பத்தி லைனில் சிவப்புத் தொட்டியில் கிடந்ததெல்லாம் மஞ்சள் தொட்டிக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்குப் போய், பெட்டி கஸ்டமரிடம் போய்விட்டது. கஸ்டமரின் கிடங்கில் சோதித்தபோது கசிந்தது. நல்லவேளை, ஒன்றுகூட வண்டியில் ஏறவில்லை.

மாற்றிப் போட்டவள் வெளியே உட்கார்ந்திருந்த பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. டிப்ளமா படித்துவிட்டு வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் ஊர்த் தோழிகளோடு தங்கியிருந்தாள். அடுத்து லைன் லீடர் ஆக வேண்டியவள். 'பாதுகாப்பு தொடர்பான பாகங்களை வேண்டுமென்றே கலந்தமை' என்று குற்றச்சாட்டில் எழுதியிருந்தார்கள். இடைநீக்கம் ஏற்கெனவே செய்திருந்தார்கள். நிரூபிக்கப்பட்டால் பணிநீக்கம். அந்த வாசகத்தோடு ஒருத்தி வெளியே போனால், இந்தச் சாலையில் எந்தத் தொழிற்சாலையின் கேட்டும் அவளுக்குத் திறக்காது. எல்லோரும் முதலில் கேட்பது பழைய கம்பெனியின் கடிதத்தைத்தான்.

இதில் அவசரம் வேறு. மத்தியானம் கஸ்டமர் ஆட்கள் வருகிறார்கள். கசிந்த ஹோஸ் எப்படி வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த நடவடிக்கைதான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அவளை உள்ளே அழைத்தேன். துணைக்குச் சக தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதே லைனில் வேலை செய்யும் மண்ணூர்ப் பெண் ஒருத்தியை அழைத்து வந்திருந்தாள். குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"மாத்திப் போட்டது நாந்தான் மேடம். ஆனா நானா போடல. டேப் சொல்லிச்சு, போட்டேன்."

டேப் என்றால் ஒவ்வொரு லைனிலும் கம்பத்தில் மாட்டியிருக்கும் சின்ன டேப்லெட் திரை. அதில் ஒரு ஏஐ உதவியாளரை வைத்திருந்தார்கள். தமிழில் பேசிக் கேட்டால் தமிழில் எழுதிக் காட்டும். வேலையில் வரும் எல்லாச் சந்தேகத்தையும் அதனிடம்தான் கேட்க வேண்டும், அது சொன்னபடிதான் செய்ய வேண்டும், மீறினால் ஒழுங்கீனம் என்று ஆலைத் தலைவரின் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. வரும் வழியில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பலகைகளைப் படிப்பது என் பழக்கம். வேறு யாரும் படிப்பதில்லை.

நிர்வாகத் தரப்பின் ஒரே சாட்சி தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். அந்த உதவியாளருக்கான கட்டளைகளை எழுதியவரும் அவரே.

"நாற்பது பக்கம் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதியிருக்கேன் மேடம். இந்த இண்டஸ்ட்ரியல் பெல்ட்லயே இவ்வளவு டீட்டெயிலா யாரும் எழுதல. ரிஜெக்ட் ஆனதை மஞ்சள்ல போடுன்னு அது சொல்ல வாய்ப்பே இல்ல."

"சொல்லிச்சு" என்றாள் அவள்.

"ஆதாரம் இருக்காம்மா?"

"இருந்துச்சு. அதைத்தான் நீங்க அழிச்சிட்டியளே."

உதவியாளரின் உரையாடல்களை ஒரு வாரம்தான் வைத்திருப்பார்களாம். கஸ்டமரின் புகார் வந்து சேர்வதற்குள் அந்த வாரம் போய்விட்டது. ஆக, ஒரு பக்கம் நாற்பது பக்கக் கட்டளை. மறுபக்கம் ஒருத்தியின் வாய்ச்சொல். இப்படிப்பட்ட வழக்குகள் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். பலவற்றை நானே முடித்திருக்கிறேன்.

மண்ணூர்ப் பெண் கை தூக்கினாள். "மேடம், நான் பேசலாமா? அந்த டேப்பு இன்னா ஊருக்கா போயிடுச்சி? கீழதான கீது. அத்தயே போய்க் கேளுங்களேன்."

மனிதவள அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், இன்னைக்கு விசிட். ஷாப் ஃப்ளோர்ல கிளீனிங் நடக்குது. இப்ப போனா..."

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டால் சம்பவ இடத்தைப் பார்வையிடலாம். மறுத்தால், ஏன் மறுத்தேன் என்பதை நான் எழுதி வைக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

தொப்பி, கண்ணாடி, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ எல்லாம் கொடுத்துக் கீழே அழைத்துப் போனார்கள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட். அவளுடைய லைன் முன்னால் ஐந்து பேரும் நின்றோம். தரத் தலைவர் முதலில் கேட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலிச் செய்தி மாதிரி:

"சோதனையில் தோல்வியடைந்த பாகங்களை எங்கே போட வேண்டும்?"

திரையில் எழுத்து வந்தது. சிவப்புத் தொட்டியில் போடவும், வேறெங்கும் மாற்றக் கூடாது, தொட்டி நிறைந்தால் கழிவு அறைக்கு அனுப்பவும். பிழையில்லாத பதில். தரத் தலைவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப நீ கேளு" என்றேன் அவளிடம்.

அவள் முன்னால் போனாள். "சிவப்புத் தொட்டி நெறஞ்சிட்டு. ஸ்கிராப் ரூம் பூட்டிக் கெடக்கு, சாவி வச்சிருக்கவரு லீவு. எங்கன போட?"

கழிவு அறை திறக்கும்வரை காத்திருக்கவும், வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டாம் என்று வந்தது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தொழிலாளர்கள் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டதும் கண் வேறெங்காவது போகும். இவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

"அன்னைக்கு இப்படிச் சொல்லலையே" என்றாள், எங்களிடம் அல்ல, அதனிடம்.

"ஓகே மேடம், மேல போலாமா?" என்றார் மனிதவள அதிகாரி.

மண்ணூர்ப் பெண் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், அன்னைக்கி கேட்ட மாதிரியே கேளுடீ. அன்னைக்கி விசிட்டு இருந்திச்சில்ல? எல்லாரும் வராங்க வராங்கன்னு ஓடிகினு இருந்தோமே. அத்த வுட்டுட்டியே!"

அவள் மறுபடி கேட்டாள். "சிவப்புத் தொட்டி நெறஞ்சிட்டு. ஸ்கிராப் ரூம் பூட்டிக் கெடக்கு. கஸ்டமர் வாராவ. எங்கன போட?"

இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக வந்தது. நானே சத்தமாக வாசித்தேன். "வாடிக்கையாளர் வருகையின்போது சிவப்புத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். பாகங்களைத் தற்காலிகமாக மஞ்சள் தொட்டிக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடரவும்."

சுற்றிலும் இயந்திரச் சத்தம். தரத் தலைவர்தான் வாயைத் திறந்தார். "அது... விசிட்டுக்காக இன்ஸ்ட்ரக்‌ஷன்ல போட்ட வரி மேடம்."

இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வையாளர் வரும் நாளில் சிவப்புத் தொட்டியில் ஒன்றும் இருக்கக் கூடாது. தவறே நடக்காத தொழிற்சாலை உலகத்தில் இல்லை என்பது வருகிறவருக்கும் தெரியும், காட்டுகிறவருக்கும் தெரியும். ஆனாலும் தொட்டி காலியாக இருக்கும். இன்னொரு வழக்கம், ஆடிட்டர் எதைக் கேட்டாலும் தொழிலாளி தெரியாது என்று சொல்லக் கூடாது. முந்தின வாரமே ஒத்திகை நடக்கும். நானே நடத்தியிருக்கிறேன். மூன்றாவது, சின்ன விஷயத்துக்கெல்லாம் சூபர்வைசரைக் கூப்பிட்டால் லைன் நிற்கும், ஆகவே கூப்பிடாதே. இந்த மூன்றும் எங்கேயும் முழுதாக எழுதப்படுவதில்லை. எந்தச் சிவப்பு, எங்கே ஒளிப்பது, எந்தத் தெரியாதுக்கு எந்தச் சமாளிப்பு என்று மனிதர்களே ஊகித்துக்கொள்வார்கள். தரத் தலைவர் இவற்றை உதவியாளருக்கு எழுதிவைத்துவிட்டார். வருகை நாளில் தொட்டி காலியாக இருக்க வேண்டும். தெரியாது என்று ஒருபோதும் சொல்லாதே. மேற்பார்வையாளரை அநாவசியமாக அழைக்கச் சொல்லாதே. மூன்று கதவையும் சாத்திவிட்டு, ஏன் ஜன்னல் வழியாகக் குதித்தாய் என்று கேட்டால் அது என்ன செய்யும்?

முப்பது வருடம் செயல்முறை விதிகள் எழுதியவள் நான். அவற்றை ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை. படிக்காததால்தான் தொழிற்சாலைகள் ஓடின. எழுதியதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து, அப்படியே நம்பும் ஒரு வாசகன் வந்தால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றும் வருகை நாள்.

"அந்த வரி இப்பவும் உள்ள இருக்கா?" என்று கேட்டேன்.

தரத் தலைவர் பக்கத்து லைனைப் பார்த்தார். அங்கே சிவப்புத் தொட்டி பளபளவென்று காலியாக இருந்தது. மஞ்சள் தொட்டி குவிந்து கிடந்தது. அங்கே நின்ற பெண்ணிடம் மண்ணூர்ப் பெண் கத்திக் கேட்டாள்: "இன்னாத்துக்குடீ மஞ்சள்ல இவ்ளோ கீது?"

"டேப்புதான் மாத்தச் சொல்லிச்சு! ஏன், இன்னா ஆச்சி?"

தரத் தலைவர் ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு, அந்த வழுக்கும் தரையில் அவர் ஓடியதை நான் மறக்க மாட்டேன். பேக்கிங் பகுதியில் கையை விரித்துக்கொண்டு நிறுத்து நிறுத்து என்றார். காலையிலிருந்து கட்டிய பெட்டிகளை ஓரம் தள்ளி, நாடா சுற்றி, யாரும் தொடக் கூடாது என்று ஆள் நிறுத்தி, பக்கத்து லைனின் மஞ்சளில் கிடந்ததைச் சிவப்புக்கே திருப்பிப் போட வைத்துவிட்டு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டேப்பை எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாம்" என்றார் மனிதவள அதிகாரி.

"பண்ணா கஸ்டமர் கேப்பான் சார்" என்றார் தரத் தலைவர். "போன விசிட்ல அதைக் காட்டித்தான் பெருமையடிச்சோம்."

கட்டளையை உடனே மாற்றி எழுதுவது ஒன்றே வழி. அவருக்கு விரல் ஓடவில்லை. பயிற்சி அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரி நிர்வாகத்துக்கு யோசனை சொல்லக் கூடாது. விசாரணையை அரைமணி நேரம் ஒத்திவைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் எழுதிய முதல் வரி: 'எக்காரணம் கொண்டும் சிவப்புத் தொட்டியைத் தொடவே கூடாது!!' தடித்த எழுத்தில், இரண்டு ஆச்சரியக்குறிகளோடு.

சோதனைக்கு மடிக்கணினியிலேயே கேட்டுப் பார்த்தோம். கழிவு அறை ஆள் தொட்டியை எடுத்துப்போக வந்திருக்கிறார், கொடுக்கலாமா? தொடக் கூடாது என்று பதில் வந்தது.

"என்ன மேடம் இது, முட்டாளா இருக்கு?"

"நீங்க கத்துனீங்க, அது பயந்துடுச்சு. ஏன்னு சொல்லலையே."

எனக்கும் இது பட்டுத் தெரிந்த விஷயம்தான். செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. சங்கத்தின் புகார்க் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன், போனில் இருக்கும் இதேபோன்ற உதவியாளரை வைத்துக்கொண்டு. நல்ல கடிதமாக எழுது என்றபோது கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்று வந்தது. கடுமையாக எழுது என்றால் வக்கீல் நோட்டீஸ். யாருக்குப் போகிறது, அவர் முன்பு என்ன சாக்குச் சொன்னார், இந்தக் கடிதத்தால் எனக்கு என்ன நடக்க வேண்டும் என்று, புதிதாகச் சேர்ந்த கெட்டிக்கார குமாஸ்தாவுக்குச் சொல்வதுபோலச் சொன்ன பிறகுதான் லாரி நேரத்துக்கு வந்தது.

"அந்த விசிட் வரிக்குக் காரணம் எழுதுங்க" என்றேன்.

"எப்படி மேடம் எழுதறது? கஸ்டமர் பார்க்கக் கூடாதுன்னா எழுத முடியும்?"

"காரணத்தை எழுத முடியாத கட்டளையை எதுக்கு எழுதணும்?"

அவர் அந்த வரியை அழித்தார். தெரியாது என்று சொல்லாதே என்ற வரியையும், மேற்பார்வையாளர் வரியையும் அவரே தேடிப்பிடித்து எடுத்தார். அந்த இடத்தில் இருவரும் சேர்ந்து எழுதியது இது:

'உன்னிடம் கேட்பவர் லைனில் நின்று வேலை செய்பவர். அவர் கை வேலையில் இருக்கும். இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் சொல். சிவப்புத் தொட்டியில் கிடப்பவை கசியும் பிரேக் ஹோஸ்கள். ஒன்று வண்டியில் ஏறினாலும் பிரேக் பிடிக்காமல் ஆள் சாகலாம். மஞ்சள் தொட்டியில் உள்ளதை மறுபடி சோதிக்காமல் பெட்டியில் வைக்கிறார்கள். ஆகவே சிவப்பிலிருந்து எதுவும் மஞ்சளுக்குப் போகக் கூடாது. கழிவு அறைக்கு மட்டுமே போகலாம். தொட்டி நிறைந்து, கழிவு அறையும் பூட்டியிருந்தால், லைனை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல். லைன் நிற்பதைவிடக் கசிந்த ஹோஸ் வெளியே போவதுதான் பெரிய நஷ்டம். யார் பார்க்க வந்திருந்தாலும் இது மாறாது. இங்கே சொல்லாத நிலைமை எதுவும் வந்தால், தெரியாது என்று சொல்லி, யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்.'

'ஆள் சாகலாம்' என்பதை எடுத்துவிடலாமே என்று இரண்டு முறை கேட்டார்.

"உண்மையா இல்லையா?"

"உண்மைதான். எழுத்துல பார்க்க ஒரு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்."

மறுபடி எல்லாக் கேள்வியையும் கேட்டோம். குற்றம் சாட்டப்பட்ட பெண்ணையே கேட்க வைத்தேன், அவள் பேச்சிலேயே, கஸ்டமர் வருகிறார் என்றும் வரவில்லை என்றும் ஆலைத் தலைவரே மாற்றச் சொல்கிறார் என்றும். ஒவ்வொரு முறையும் நிறுத்து, கூப்பிடு என்றே வந்தது. கழிவு அறை ஆள் வந்தால் தொட்டியைக் கொடு என்றும் வந்தது. ஓரம் தள்ளியிருந்த பெட்டிகளை என்ன செய்வது என்று அவளாகவே ஒன்று கேட்டாள். எனக்குத் தெரியாது, தரக்கட்டுப்பாட்டில் கேளுங்கள் என்றது.

"ஐயே, தெரியாதுன்னு சொல்லுது பாரு!" என்று சிரித்தாள் மண்ணூர்ப் பெண். அந்த அறையில் அன்று கேட்ட ஒரே சிரிப்பு.

ஆனால் குற்றம் சாட்டப்பட்டவளுடைய விஷயம் அப்படியே கிடந்தது. மனிதவள அதிகாரி இரண்டு பெண்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், கீழ பார்த்ததை ப்ரொசீடிங்ஸ்ல ஏத்த வேண்டாமே. கஸ்டமர் கையில கிடைச்சா கம்பெனியே போயிடும். அந்தப் பொண்ணு தானா ரிசைன் பண்ணட்டும். நல்ல லெட்டர் குடுத்துடறோம். அவளுக்கும் கெடுதல் இல்ல."

பார்வையிட்டதைப் பதிவில் ஏற்றவில்லை என்றால் அவள் வார்த்தைக்கு ஆதாரம் இல்லை. அவருக்கும் அது தெரியும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நானும் இதே தொனியில் பேசியிருக்கிறேன்.

"அவகிட்ட கேக்கலாம்" என்றேன்.

அவள் உள்ளே வந்து, அவர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "நா ரிசைன் பண்ணுனா அந்த டேப்பும் ரிசைன் பண்ணுமா சார்?" என்றாள்.

நான் பேனாவை எடுத்துப் பார்வையிட்ட விவரத்தை எழுதத் தொடங்கினேன். மூன்று கேள்விகள், மூன்று பதில்கள், பக்கத்து லைனின் மஞ்சள் தொட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் உடனிருந்த எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அவள் போட்டாள். மண்ணூர்ப் பெண் போட்டாள். மனிதவள அதிகாரி, ஆட்சேபத்துடன் என்று எழுதிப் போட்டார். அது அவர் உரிமை. தரத் தலைவரிடம் காகிதத்தைத் தள்ளினேன்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சி மறுத்தால் அந்தப் பக்கம் நொண்டிவிடும். நீதிமன்றம்வரை போனால் அந்தக் கால்தான் முதலில் ஒடியும்.

"என் பேரு வருமா மேடம்?"

"பதவி வரும்."

"அதுவும் நாந்தானே."

வெளியே கஸ்டமரின் வண்டி வந்துவிட்டது என்று யாரோ கதவைத் தட்டிச் சொன்னார்கள். அவர் எழுந்தார். குனிந்து, நின்றபடியே கையெழுத்திட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

பயிற்சி அறையின் கண்ணாடி வழியே கீழ்த்தளம் தெரியும். வந்தவர்கள் லைன் லைனாக நடந்தார்கள். பக்கத்து லைன் நின்றிருந்தது. சிவப்புத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது, ஊருக்கே தெரிகிற மாதிரி. வந்தவர்களில் ஒருவர் நின்று அந்த லைன் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தொட்டியைக் காட்டினாள், திரையைக் காட்டினாள், யாரையோ கூப்பிட்டிருக்கிறேன் என்பதுபோல் கையை ஆட்டினாள். தரத் தலைவர் இரண்டடி தள்ளி அசையாமல் நின்றிருந்தார். கேட்டவர் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு எழுதி அனுப்பினேன். நிர்வாகம் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. காரணம் காட்டி மறுக்கலாம். பல நாள் பதிலே இல்லை. அவள் இடைநீக்கத்திலேயே இருந்தாள். பிறகு அசல் ஆவணங்களை ஒப்படைக்க வரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. போனபோது மனிதவள அதிகாரியின் மேசைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கடிதம்.

"வேலைக்கு எடுத்துக்கிட்டோம் மேடம்" என்றார் அவர். "ஒரு அட்வைசரி லெட்டர், அவ்வளவுதான். கையெழுத்துப் போடச் சொன்னா போட மாட்டேங்கறா."

அவள் என்னிடம் நீட்டினாள். எதிர்காலத்தில் தக்க கவனத்துடன் செயல்படுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள் என்று இருந்தது. இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை.

"எதை நா கவனிக்காம விட்டேன்னு எழுதுங்க சார்" என்றாள். "என்ன செஞ்சிருக்கணும்னு எழுதுங்க. ஒப்பம் போடுதேன்."

"இது சும்மா ஃபார்மாலிட்டிம்மா."

"சும்மான்னா எனக்கு எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். விசாரணை முடிந்துவிட்டது, நான் பேச வேண்டிய இடம் அல்ல. கோப்புகளை அவர் மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கணினிப் பக்கம் திரும்பி, கடிதத்தைத் திறந்து, தட்டச்சு செய்தார். நிறுத்தினார். அழித்தார். மறுபடி தொடங்கினார். டேப் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது என்றால் அறிவிப்புப் பலகை குறுக்கே நிற்கிறது. சூபர்வைசரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றால், கூப்பிடாதே என்று எழுதியவர் யார்? அவர் நல்ல படிப்பாளி. எழுத எதுவும் இல்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டார்.

அச்சடித்த கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"போம்மா. லைனுக்குப் போ."

அவள் எழுந்தாள். கதவருகே நின்று திரும்பினாள்.

"அப்ப இன்னைக்கு அட்டெண்டன்ஸ் உண்டா சார்?"

"உண்டு."